நான்கு இரவு, ஒரே ஊர்: பிராக்கா, வியன்னாவா, புடாபெஸ்டா?

சித்தி மகன் போன வாரம் அழைத்தான். மியூனிக்கில் அவனுக்கு ஒரு வார வேலை. அது முடிகிற அன்று அவன் மனைவியும் சித்தியும் சென்னையிலிருந்து வந்து சேர்ந்துகொள்கிறார்கள். ஊர் திரும்புவதற்கு முன் கையில் இருப்பது நான்கு இரவு. “அக்கா, நீங்க மூணு ஊரையும் பார்த்தவங்க. பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா ஓடுற கதை வேண்டாம்னு அம்மா சொல்லிட்டாங்க. பிராக், வியன்னா, புடாபெஸ்ட், இதுல ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க” என்றான். சித்திக்கு 66 வயது, வலது முட்டியில் வலி. அவன் மனைவி சைவம்.

“எங்க போனாலும் நல்லாத்தான்டா இருக்கும்” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அது பதிலே இல்லை என்று அன்று இரவே உறைத்தது. இதே மூன்று ஊர்களுக்கு நடுவே தடுமாறி என்னிடம் கேட்டவர்கள் வேறு சிலரும் உண்டு. அதனால் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

படங்களை வைத்து முடிவெடுக்க முடியாது. படத்தில் மூன்றும் அக்கா தங்கைகள் மாதிரி இருக்கும். அதே மங்கிய மஞ்சள் சுவர், அதே இரட்டைக் கண்ணாடி ஜன்னல், கல் பாவிய தெருவில் அதே டிராம், கேக் கடை, ஆற்றங்கரை. ஒற்றுமைக்குக் காரணம் இருக்கிறது. 1918 வரை மூன்றும் ஹாப்ஸ்பர்க் என்ற ஒரே அரச குடும்பத்துச் சொத்து. ஃபெல்னர், ஹெல்மர் என்று வியன்னாவில் இரண்டு கட்டடக் கலைஞர்கள் கூட்டாகத் தொழில் செய்தார்கள். பேரரசு முழுக்க நாடக அரங்கு கட்டியதே அவர்கள் வேலை. வியன்னாவின் ஃபோக்ஸ்தியேட்டர், பிராக்கில் இன்று ஸ்டேட் ஓபரா என்று அழைக்கப்படும் அரங்கு, புடாபெஸ்டின் வீக்சின்ஹாஸ் மூன்றும் அவர்கள் கைவேலை. ஒரே கொத்தனார் கட்டிய வீடுகள் ஒரே சாயலில் இருப்பதில் வியப்பில்லை.

முதல் உலகப் போர் முடிந்து பாகப்பிரிவினை நடந்தபோதுதான் வழிகள் பிரிந்தன. வியன்னாவுக்குப் பெரிய வீடு கிடைத்தது, நிலமெல்லாம் போய்விட்டது. ஐந்து கோடிப் பேரை ஆண்ட ஊர், அறுபத்தைந்து லட்சம் பேர் கொண்ட ஆஸ்திரியா என்ற ஒரு சின்ன நாட்டின் தலைநகரானது. அந்த நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வியன்னாக்காரர். புடாபெஸ்டுக்கு 1920இல் டிரியானோன் ஒப்பந்தம். பழைய ஹங்கேரி ராஜ்ஜியத்தின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அண்டை நாடுகளுக்குப் போனது. பிராக்கின் கதை நேர் எதிர். முந்நூறு வருடம் ஓரத்தில் உட்கார வைக்கப்பட்டிருந்த ஊர், செக்கோஸ்லோவாக்கியா என்ற புது நாட்டின் தலைநகராக எழுந்து உட்கார்ந்தது.

அந்தப் பங்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஊரும் என்ன செய்தது என்பதில்தான் அதனதன் தனித்தன்மை இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் நான்கு இரவுக்குப் போகிறவருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. அந்தத் தனித்தன்மை, வெளியூர்க்காரர் கைக்கு நான்கு நாளில் எட்டுமா?

பிராக்கிலிருந்து தொடங்குகிறேன், முதலில் எல்லோரும் சொல்லும் பெயர் அதுதான்.

கற்களைப் பார்க்கத்தான் ஐரோப்பா போகிறீர்கள் என்றால் பிராக்குக்கு ஈடு இந்த மூன்றில் இல்லை. வார்சா, பெர்லின், புடாபெஸ்ட் எல்லாம் இரண்டாம் உலகப் போரில் நொறுங்கின. பிராக் அநேகமாகத் தப்பியது. 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் என்று தவறாக நினைத்து அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டுகளும், அந்த மே மாத எழுச்சியில் எரிந்த பழைய நகர மன்றத்தின் ஒரு பகுதியும்தான் பெரிய சேதங்கள். நகர மன்றத்தின் அந்த இடம் இன்றும் வெற்றிடமாகவே விடப்பட்டிருக்கிறது. ஆற்றங்கரையில் குண்டு விழுந்த மனையில் 1996இல் கட்டப்பட்டதுதான் ‘நடனமாடும் வீடு’.

போரில் தப்பியது பாதிக் கதைதான். மீதிப் பாதி அதற்கு முன்னூறு வருடம் முன்பு. பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் 1583இல் அரசவையையே பிராக்குக்குக் கொண்டுவந்தார். டைகோ பிராஹேவும் கெப்ளரும் வானம் பார்த்தது அந்தக் காலத்து பிராக்கில்தான். அவருக்குப் பின் அரசவை வியன்னாவுக்குத் திரும்பியது. 1620இல் வெள்ளை மலைப் போரில் செக் பிரபுக்கள் ஹாப்ஸ்பர்க் படையிடம் தோற்றார்கள். மறு வருடம் பழைய நகரச் சதுக்கத்தில் 27 தலைவர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. நகர மன்றத்தின் அடியில் தரைக் கற்களில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். எல்லோரும் மேலே கடிகாரத்தைப் பார்த்தபடி அதன்மேல் நிற்பார்கள். அதன்பின் அதிகாரம் வெளியூரில். அதிகாரம் இருக்கும் ஊர்தான் பழசை இடித்துப் புதுசு கட்டும். ஒதுக்கிவைக்கப்பட்டதால் பிராக்கின் பழசு பிழைத்தது. 1890களில் யூதர் குடியிருப்பை இடித்துப் புதுத் தெரு போட்டார்கள், அது பெரிய விதிவிலக்கு.

ஆகவே அங்கே காலம் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. வெள்ளம் புகாமல் இருக்க இடைக்காலத்தில் பழைய நகரத்தின் தரையையே உயர்த்தினார்கள். அன்று வீட்டுக் கூடமாக இருந்த அறை இன்று நிலவறை. மேலே பரோக் முகப்பு, நடுவில் கோதிக் வளைவு, படியிறங்கிப் போனால் 12ஆம் நூற்றாண்டுச் சுவர். கோட்டைக்குள் இருக்கும் புனித வீட்டஸ் தேவாலயத்துக்கு 1344இல் அடிக்கல் போட்டார்கள், முடித்தது 1929இல். தலைமுறை தலைமுறையாகக் கட்டி, குடியரசு வந்த பிறகு முடித்த வேலை அது. 1770இல் வீட்டு எண் வரும்வரை வீடுகளுக்கு அடையாளம் வாசலுக்கு மேல் இருந்த சின்னங்கள்தான். நெருடோவா தெருவில் ஏறிப் போகும்போது கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். இரண்டு சூரியன், மூன்று பிடில், தங்கச் சாவி என்று இன்னும் இருக்கின்றன. ‘அரசமரத்து வீடு’, ‘மச்சு வீடு’ என்று நம் ஊரில் வீட்டைச் சொல்வதுபோலத்தான்.

சார்லஸ் பாலத்தை நான் பார்த்தது விடியற்காலை ஐந்தரைக்கு. அந்த நேரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. பேரரசர் நான்காம் சார்லஸ் 1357ஆம் ஆண்டு, 9ஆம் தேதி, 7ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிடத்துக்கு நேரம் குறித்து அடிக்கல் போட்டார் என்று உள்ளூரில் சொல்வார்கள். வரிசையாக எழுதினால் 1-3-5-7-9-7-5-3-1. ஏறி இறங்கும் ஒற்றைப்படை எண்கள். முகூர்த்தம் பார்த்தே வாழ்கிற நமக்கு இந்தக் கதை உடனே பிடித்துப்போகும். பாலத்தில் என்னைத் தவிர ஏழெட்டுப் பேர். அடியில் விளக்கு அணையாத நதி. முப்பது சிலைகளும் கறுத்து, முகம் தெரியாமல் நிற்க, புனிதர் நெபோமுக் யோவானின் பீடத்தில் இருந்த வெண்கலப் பலகையில் ஒரு சின்ன இடம் மட்டும் பொன்போல் மின்னியது. தொட்டால் நல்லது நடக்கும் என்று தலைமுறைகளாகத் தொட்டுத் தேய்ந்த இடம். கோயில் தூணில் நந்தியின் நெற்றி எண்ணெய் ஏறி மின்னுவதை நினைத்துக்கொண்டு நானும் தொட்டேன்.

அன்றே பதினொரு மணிக்குத் திரும்ப வந்தேன். அதே பாலத்தில் தோளோடு தோள் உரசாமல் நகர முடியவில்லை. பிராக்கின் சிக்கலே இதுதான். ஊரின் பெருமை எல்லாம் ஆற்றின் இரண்டு பக்கமும் நடந்தே கடக்கக்கூடிய ஒரு சின்ன வட்டத்துக்குள் இருக்கிறது, வருகிற அத்தனை பேரும் அதே வட்டத்துக்குள். உள்ளூர்க்காரர்கள் மெல்ல மெல்ல வெளியேறிவிட்டார்கள். பழைய நகரத்தில் காய்கறிக் கடையைத் தேடினால் பரிசுப்பொருள் கடைதான் அகப்படுகிறது. விடியலில் எழுந்திருக்கத் தயாராக இருப்பவருக்கு பிராக் தன்னைக் கொடுத்துவிடும், மற்றவர்களுக்கு முதுகுகளைத்தான் காட்டும். சித்திக்கு இன்னொரு தடை தரை. கைப்பிடிக்குள் அடங்கும் கற்களைப் பதித்த நடைபாதைகள். மழை பெய்தால் வழுக்கும், முட்டிக்கு ஒவ்வொரு அடியும் தெரியும். கோட்டைக்கு 22ஆம் எண் டிராம் மேல்வரை போகும் என்றாலும் இறங்கிய பின் நடையும் கல்தான்.

பிராக்கை விட்டு நகர்வதற்கு முன், தமிழ் வாசிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பெயர். கமில் சுவலபில் பிராக்கில் 1927இல் பிறந்தவர். சங்க இலக்கியத்தை மேற்குலகில் ஆழமாக அறிமுகம் செய்தவர்களில் முதல் வரிசைக்காரர். 1348இல் நான்காம் சார்லஸ் தொடங்கிய சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். 1968இல் சோவியத் டாங்கிகள் ஊருக்குள் வந்தபின் நாட்டை விட்டே போனார். அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தை ஒட்டி நடந்தபோது, அங்கே யாரோ ஒரு காலத்தில் குறுந்தொகை படித்திருப்பார்கள் என்ற நினைப்பே நெஞ்சை நிறைத்தது. அந்தத் தெருவில் எந்தச் சிலையும் எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

வியன்னாவின் பெருமை வேறு வகை. அதைக் கண்ணால் பார்ப்பதைவிட, அங்கே குடியிருந்து அனுபவிப்பதுதான் அதிகம்.

சுற்றுலாக்காரர் பார்ப்பது அரண்மனைகளை. ஷேன்ப்ருனில் 1,441 அறைகள், ஹோஃப்பர்க், புனித ஸ்டீபன் தேவாலயத்தின் 136 மீட்டர் கோபுரம், பிரூகல் ஓவியங்கள் ஒரே அறையில் குவிந்திருக்கும் கலை வரலாற்று அருங்காட்சியகம். எல்லாமே பார்க்கத் தகுந்தவை, பிரூகலுக்கு மட்டும் ஒரு முழுக் காலை கொடுக்கலாம். ரிங்க்ஷ்ட்ராஸெ என்ற வட்டச்சாலையும் அப்படித்தான். துருக்கியர் முற்றுகைகளைத் தாங்கிய கோட்டைச் சுவரை 1857இல் இடிக்கச் சொன்னார் ஃபிரான்ஸ் யோசஃப். சுவரும் அதன் முன்னிருந்த வெட்டவெளியும் போய், ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தச் சாலை வந்தது. நாடாளுமன்றம், நகர மன்றம், பல்கலைக்கழகம், ஓபரா எல்லாம் அந்தச் சாலை மேல். டிராமில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். சித்தியின் முட்டிக்கு மூன்றிலும் மிக அனுசரணையான ஊர் இதுதான். தாழ்தள டிராம், லிஃப்ட் உள்ள மெட்ரோ, சமமான நடைபாதை.

இருந்தாலும் அரண்மனை எந்த ஊரிலும் உண்டு. வியன்னா தன் பாகத்தை வைத்துச் செய்த பெரிய காரியம் வேறு. 1919க்குப் பின் நகராட்சி, வசதி படைத்தவர்களிடம் வரி வாங்கித் தொழிலாளர்களுக்கு வீடு கட்டியது. 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஒரே கட்டடம். 1,382 வீடுகள், சலவைக்கூடம், குழந்தைகள் காப்பகம், நூலகம், நடுவில் பெரிய முற்றங்கள். 1934 உள்நாட்டுச் சண்டையில் அரசுப் படையே அதைப் பீரங்கியால் சுட்டது. கட்டடம் நின்றது. இன்றும் அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். நகராட்சிக்குச் சொந்தமாக இப்போது சுமார் 2,20,000 வீடுகள். உதவித்தொகையுடன் கட்டியவற்றையும் சேர்த்தால் ஊரில் பாதிப் பேர் அப்படிப்பட்ட வீடுகளில்தான். ஹைலிகன்ஷ்டாட் மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே நிற்கிறது. சிவந்த வளைவுகளுக்குக் கீழே நுழைந்து முற்றத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு பாட்டி ஜன்னலில் போர்வை உதறிக்கொண்டிருந்தார். அரண்மனையில் எனக்குத் தோன்றாத மரியாதை அங்கே தோன்றியது.

குழாய்த் தண்ணீரும் அப்படித்தான். 1873இல் ஆல்ப்ஸ் மலை ஊற்றிலிருந்து கால்வாய் கட்டி ஊருக்குக் கொண்டுவந்தார்கள், 1910இல் இரண்டாவது கால்வாய். மலைச்சரிவிலேயே இறங்கி வந்துவிடும். காபிக்கடையில் காபியோடு ஒரு சின்னத் தட்டில் வைத்துக் கொடுக்கும் கண்ணாடி டம்ளர் தண்ணீர் அதுதான். ஒரே காபியை வைத்துக்கொண்டு, மரச்சட்டத்தில் கோத்த செய்தித்தாளைப் படித்தபடி, மூன்று மணி நேரம் உட்காரலாம். எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள்.

ஓபராவும் அப்படியே. 1869இல் திறந்து, 1945 மார்ச்சில் குண்டில் எரிந்து, 1955இல் மறுபடி திறந்த அரங்கு. நல்ல இருக்கை நூற்றுக்கணக்கான யூரோ. நின்று பார்க்கும் டிக்கெட் 20 யூரோவுக்குள் கிடைத்துவிடும். உள்ளே போனதும் கம்பியில் உங்கள் துப்பட்டாவையோ சால்வையையோ கட்ட வேண்டும். கட்டிவிட்டால் அந்த இடம் உங்களுடையது. வெளியே போய் காபி குடித்துவிட்டு வந்தாலும் யாரும் தொட மாட்டார்கள். நான் ஒரு பருத்தித் துப்பட்டாவைக் கட்டிவிட்டுப் போய், மணி அடித்ததும் வந்து பார்த்தேன். இரண்டு பட்டுத் துண்டுகளுக்கு நடுவே என் சுங்குடித் துப்பட்டா அப்படியே இருந்தது. மூன்று மணி நேரம் நின்றேன். பக்கத்தில் நின்ற வயதானவர் கடைசிப் பாட்டு முழுக்க உதடசைத்துக் கூடவே பாடினார், சத்தமில்லாமல்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். நல்ல வாடகை, நல்ல தண்ணீர், நேரத்துக்கு வரும் டிராம், விரட்டாத காபிக்கடை, வாரத்தில் மூன்று நாள் நின்றபடி ஓபரா. இதெல்லாம் குடியிருப்பவர்களின் சொத்து. ஒரு மாதம் தங்கினால் வியன்னாவைப்போல ஊர் இல்லை என்று நானே சொல்வேன். நான்கு நாளில் நீங்கள் பார்த்துவிட்டு வருவது அரண்மனையும் கேக்கும்தான். சித்தியை மூன்று மணி நேரம் நிற்க வைக்கவும் முடியாது. மூன்றிலும் செலவு அதிகம் இங்கேதான்.

இனி புடாபெஸ்ட்.

மியூனிக்கிலிருந்து வியன்னா நான்கு மணி நேரம். அதே ரயில் இன்னும் இரண்டே முக்கால் மணி ஓடினால் புடாபெஸ்ட். நிலையத்தில் இறங்கியதுமே ஒன்று தெரியும், பெயர்ப்பலகைகள் எதுவும் பிடிபடாது. ஜெர்மன், செக் மொழிகளில் ஏதோ ஒரு சொல்லாவது ஆங்கிலத்தின் சாயலில் ஒட்டும். ஹங்கேரிய மொழி அந்த இந்தோ-ஐரோப்பியக் குடும்பமே இல்லை. ஆனால் அதன் கட்டமைப்பு நமக்கு அந்நியமும் இல்லை. ‘ஹாஸ்’ என்றால் வீடு. ‘ஹாஸக்’ வீடுகள். ‘ஹாஸக்பன்’ வீடுகளில். வீடு, கள், இல். அதே வரிசையில், அதே மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகிறது. இரண்டுக்கும் உறவு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒவ்வொரு பலகையையும் நின்று பிரித்துப் படிக்கப் பார்த்தேன்.

இந்த ஊருக்கு உருவம் கொடுப்பது ஆறு. வியன்னாவின் பழைய நகரத்தை டான்யூப் தொடுவதில்லை, ஒரு கால்வாய்தான் தொடுகிறது. புடாபெஸ்டில் டான்யூப் நடுவில் ஓடுகிறது. ஒரு கரையில் மலையும் கோட்டையுமாக புடா, மறு கரையில் சமவெளியாக பெஸ்ட். 1849இல்தான் இரண்டையும் சங்கிலிப் பாலம் நிரந்தரமாக இணைத்தது. 1873இல் புடா, பெஸ்ட், ஓபுடா மூன்று ஊரும் ஒரே நகரமாயின. 1896இல் ஹங்கேரியர் அந்த நிலத்துக்கு வந்த ஆயிரமாவது ஆண்டு விழா. அதற்காக ஐரோப்பியப் பெருநிலத்தின் முதல் சுரங்க ரயிலைத் திறந்தார்கள். நாடாளுமன்றத்தின் உயரம் 96 மீட்டர், புனித இஸ்த்வான் பேராலயத்தின் உயரமும் 96 மீட்டர். அவர்கள் வந்து சேர்ந்ததாகச் சொல்லும் 896ஆம் ஆண்டைக் கல்லில் எழுதிய விதம் அது.

பிறகு வந்த அடி கொஞ்சமல்ல. 1944 கடைசியில் தொடங்கி 1945 பிப்ரவரி வரை முற்றுகை. பின்வாங்கிய ஜெர்மன் படை டான்யூப் பாலங்கள் அத்தனையையும் வெடிவைத்துத் தகர்த்தது. சங்கிலிப் பாலத்தை மறுபடி கட்டி, முதலில் திறந்து சரியாக நூறாவது ஆண்டில், 1949இல் திறந்தார்கள். 1956 எழுச்சியில் மறுபடி சோவியத் டாங்கிகள். பெஸ்ட் பக்கத்து உள் தெருக்களில் சில வீடுகளின் சுவரில் குண்டு துளைத்த பள்ளங்கள் பூசப்படாமல் இருக்கின்றன. நாடாளுமன்றத்துக்குக் கொஞ்சம் தெற்கே, ஆற்றின் விளிம்பில், அறுபது ஜோடி இரும்புச் செருப்புகள். 1944-45 குளிர்காலத்தில் ஹங்கேரிய நாஜிகளான அம்புச் சிலுவைக் கட்சிக்காரர்கள் யூதர்களை அங்கே நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லி, ஆற்றுக்குள் விழும்படி சுட்டார்கள். 2005இல் வைத்த நினைவிடம். மேடை இல்லை, வேலி இல்லை. ஒரு குழந்தையின் பூட்ஸுக்குள் யாரோ வைத்துவிட்டுப் போன கூழாங்கல். அந்த இடத்துக்கு எந்த வழிகாட்டியும் தேவைப்படாது.

என்றாலும் நான் புடாபெஸ்டுக்கு ஓட்டுப் போடுவது இதற்காக மட்டும் இல்லை. வெந்நீருக்காக.

புடா பக்கத்து மலைகள் சுண்ணாம்புக் கல். பெய்யும் மழை உள்ளே இறங்கி, ஆழத்தில் சூடாகி, மலையும் சமவெளியும் சந்திக்கும் ஆற்றோர விரிசலில் மேலே வருகிறது. ஊருக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஊற்றுகள். ரோமானியர் குளித்தார்கள். 1541இலிருந்து 1686 வரை ஆண்ட துருக்கியர் குளியல் மண்டபம் கட்டினார்கள். 16ஆம் நூற்றாண்டின் ருடாஸ் இன்றும் இயங்குகிறது. எட்டுத் தூண், எண்கோணக் குளம், மேலே குவிமாடத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள், அதன் வழியாகத் தண்ணீரில் விழும் வண்ண ஒளி. பெஸ்ட் பக்கத்தில் பூமியை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் துளைத்து எடுத்த நீரில் 1913இல் சேச்செனி குளியல் திறந்தார்கள். ஊற்றில் எழுபது டிகிரிக்கு மேல் கொதிக்கும் நீரை ஆற்றித்தான் விடுகிறார்கள். (ஓவியர் அம்ரிதா ஷேர்கில் பிறந்ததும் அதே ஆண்டில், அதே ஊரில்தான்.)

ஜனவரி மாதம், காலை, திறந்து கொஞ்ச நேரத்தில் போனேன். கையில் கட்டிய பட்டையைக் காட்டினால் அலமாரி திறக்கிறது. கட்டடத்துக்குள்ளிருந்து வெளிக்குளத்துக்குப் போக ஒரு பத்துப் பதினைந்து அடி திறந்தவெளி, ஈரக் காலோடு, சுழியத்துக்குக் கீழே குளிர். ஓடிப்போய் இறங்கினேன். கழுத்துவரை வெந்நீர், தலைமுடியில் பனி. நீராவியில் மூன்றடிக்கு அப்பால் தெரியவில்லை. பேச்சுக்குரல் மட்டும் கேட்டது. நீராவி விலகியபோது இரண்டு தாத்தாக்கள், மார்பளவு நீரில், நடுவில் சதுரங்கப் பலகை. சுற்றி நான்கு பேர் வேடிக்கை. ஒருவர் குதிரையை நகர்த்தியதும் வேடிக்கை பார்த்தவர் ஒருவர் தாங்க முடியாமல் ஏதோ சொல்ல, விளையாடியவர் கையை ஓங்கி அடக்கினார். நம் ஊர்த் திண்ணையில் ஆடுபுலி ஆட்டத்தின்போது நடப்பதுதான். வியன்னாவில் நான் விருந்தாளி, பிராக்கில் பார்வையாளர். இந்தக் குளத்தில் என்னை யாரும் கவனிக்கவே இல்லை, நானும் குளிக்க வந்தவள், அவ்வளவுதான்.

இந்த ஊரின் தனிச்சொத்து எதுவோ அது ஒரு டிக்கெட் விலைக்கு, முதல் நாள் காலையிலேயே, உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்தே கிடைத்துவிடுகிறது. நான்கு நாள் வைத்திருப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? சித்தியின் முட்டிக்கும் இது இதம். குளியலுக்குப் போவதே அந்த 1896ஆம் ஆண்டுச் சுரங்க ரயிலில்தான். தெருவுக்குக் கீழேயே ஓடுவதால் சில படிகள் இறங்கினால் போதும். மாலையில் பெஸ்ட் கரையோரம் ஓடும் 2ஆம் எண் டிராமில் ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டால், நாடாளுமன்றம், பாலங்கள், எதிர்க்கரைக் கோட்டை எல்லாம் விளக்கேற்றி வரிசையாக வரும். கோட்டைக்கு மேலே 16ஆம் எண் பஸ் போகும்.

சாப்பாட்டில் பிராக்தான் சைவத்துக்குக் கஷ்டம். பன்றி இறைச்சியும் மாவு உருண்டையும். பொரித்த சீஸ் எல்லாக் கடையிலும் உண்டு, இரண்டாவது நாள் அலுக்கும். வியன்னாவில் கவலை இல்லை. புடாபெஸ்டில் ‘ஃபேஸெலேக்’ என்று ஒன்று இருக்கிறது. பூசணி, கீரை, பருப்பு, ஏதோ ஒரு காய், கெட்டியாக, கிட்டத்தட்ட நம் கூட்டு. மேலே இறைச்சி வைப்பார்கள், வேண்டாம் என்றால் வைக்க மாட்டார்கள். பன்றிக் கொழுப்பில் தாளித்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். எண்ணெயில் பொரித்த லாங்கோஷ் நம் பட்டூராவின் பெரியப்பா. பூண்டு தடவிச் சாப்பிட்டால் போதும். கோடையில் போனால் புளிச்ச செர்ரிப் பழ சூப் குளிரக் குளிரக் கிடைக்கும்.

பணம்: வியன்னாவில் யூரோ, பிராக்கில் கொருனா, புடாபெஸ்டில் ஃபோரின்ட். தெருவோர நாணயமாற்றுக் கடைகளில் பலகையில் காட்டும் விலை ஒன்று, கையில் வருவது வேறு; ஒரு ஊரில் நானே கணிசமாக இழந்தேன். வங்கியின் ஏடிஎம் போதும். டிராம் சீட்டை வாங்கினால் மட்டும் போதாது, இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டுக்கு மூன்று ஊரிலும் அபராதம் உண்டு.

புடாபெஸ்ட் எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கட்டடக் கலை படித்தவர், விடியலில் எழுந்து நடப்பவர், முட்டியும் மூச்சும் நன்றாக இருப்பவர் என்றால் பிராக்குக்கே அனுப்புவேன், கோடை தவிர்த்து. கைக்குழந்தையோடு போகிறவர்களும், இசைக்காகவே போகிறவர்களும், வேலை மாறி ஒரு வருடம் குடியேறப் போகிறவர்களும் யோசிக்காமல் வியன்னா போகலாம். சக்கர நாற்காலி தேவைப்படும் பெரியவர் இருந்தாலும் வியன்னாதான். புடாபெஸ்டின் பழைய டிராம்களில் ஏறும் படி உயரம், சில நடைபாதைகள் உடைந்து கிடக்கும்.

இதையெல்லாம் அவனுக்கு மறுபடி போன் போட்டுச் சொன்னேன். கடைசியில் அவன் கேட்டது ஒன்றுதான், “அம்மா தண்ணியில இறங்குவாங்களா அக்கா?” நியாயமான கேள்வி. பொதுக் குளங்களில் நீச்சலுடை கட்டாயம். புடவையோ சுடிதாரோ ஆகாது. முழங்கையும் முழங்காலும் மூடுகிற நீச்சலுடை நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கிறது. இப்போதே வாங்கி, வீட்டில் ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லு என்றேன். ரப்பர் செருப்பு, பெரிய துண்டு ஒன்று, ஈரத்துணிக்கு ஒரு பை. அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டு, கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்; தொடர்ந்து இருபது நிமிடத்துக்கு மேல் வெந்நீரில் உட்கார விடாதே. முதல் நாள் காலையிலேயே கூட்டிப் போ. அங்கே எல்லாம் அம்மா வயதுக்காரர்கள்தான் இருப்பார்கள், அரை மணியில் கூச்சம் போய்விடும் என்றேன். சரி என்றான். பின்னால் சித்தியின் குரல் கேட்டது: “என்ன கலர்ல கிடைக்கும்னு கேளு.”